கேமராவுக்கு ஒட்டிய பொட்டு

அந்தக் கேமரா கைக்கு வந்த அன்று விஜி அழுதாள். சிரிக்காதீர்கள். யாரோ உபயோகித்துத் தள்ளிவிட்ட ஒரு பழைய வீடியோ கேமராவுக்கு எவளாவது அழுவாளா என்று கேட்டால், அவள் அழுதாள், அவ்வளவுதான்.

செல்போன் இல்லை அது. உள்ளங்கையைப் பட்டைக்குள் நுழைத்துப் பிடிக்கிற ஜாதி. பக்கத்தில் சின்னக் கதவு மாதிரி ஒரு திரை திறக்கும். அண்ணன் கோதண்டபாணி சென்னைக்குப் போனபோது பழசு விற்கும் கடையொன்றில் வாங்கி வந்து, வேட்டி முனையால் துடைத்து, தங்கையின் கையில் வைத்தார். அவர் மகள் மோகனப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம்.

“எதுக்குண்ணா இதெல்லாம்? போன்லயே எடுத்துக்கலாமே” என்றாள் விஜி.

“போன்ல எடுத்த லட்சணத்ததான் பாத்தோமே! மச்சான் வூட்டு நிச்சயத்துல மோதிரம் மாத்துற நேரம் பாத்து எவனோ லோன் வேணுமான்னு கூப்ட்டான். படம் அதோட நின்னுபோச்சு. இதுக்கு எவனும் போன் பண்ண முடியாது. உனக்குனே வாங்கினேன் விஜி. நம்ம வூட்ல பொறுமையா கத்துக்கிறவ நீ ஒருத்திதான்.”

பக்கத்தில் நின்ற அண்ணி நிர்மலா, “ஆங், விஜிக்குத்தான் கண்ணு நல்லா இருக்குது” என்றாள். அதற்குத்தான் விஜிக்குக் கண்ணீர் வந்தது. அவளிடம் நல்லதாக ஏதோ இருக்கிறது என்று யாராவது சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது.

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த தங்கவேலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் விஜி. அந்த மகராசன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு புத்தூர்ப் பக்கம் போய்க் குடித்தனம் வைத்துக்கொண்டான். விஜி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருத்தணிக்கு வந்து அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியேறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் மத்தியானத்துக்கு மேல் வேலை. காலையெல்லாம் மோகனாவுக்கு. நிர்மலாவுக்கு அரக்கோணத்தில் ஆபீஸ். விடிந்தும் விடியாமல் ரயிலுக்கு ஓடுகிறவள். நாலாம் வகுப்பிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னியது, பேன் பார்த்தது, டிபன் கட்டியது, பெரியவளானபோது முதலில் கட்டிப்பிடித்தது எல்லாம் விஜிதான். பெற்றவள் நிர்மலா, வளர்த்தவள் விஜி. இதைச் சொல்வதற்கு யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

தங்கவேல் செத்துப்போகவில்லை, ஓடித்தான் போனான். விஜியின் கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது. ஆனால் ஊர் வாய்க்கு அந்த நியாயமெல்லாம் உண்டா? வாழாவெட்டி என்று ஒரு பாழாய்ப்போன வார்த்தையை வைத்திருக்கிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் குங்குமத் தட்டு இவளுக்கு முன்னால் வரும்போது மட்டும் சுமக்கிறவளுக்கு அவசரம் வந்துவிடும். விஜி அதையெல்லாம் விழுங்கிக்கொண்டாள். அண்ணன் வீட்டில் அந்த வார்த்தை படியேறாது என்ற தைரியம் அவளுக்கு இருந்தது.

கேமராவுக்கு வருவோம். முதலில் எடுத்த படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு குலுங்கும். மலைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தார்கள். சன்னதிக்குள் எடுக்கக்கூடாது என்பதால் படிக்கட்டிலும் வெளியிலுமாக விஜி எடுத்துத் தள்ளினாள். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால், முதல் காட்சி செருப்பு. அடுத்த காட்சியும் செருப்பு. அப்புறம் ஆடிக்கொண்டே ஒரு புடவைக் கொசுவம், ஒரு தேங்காய் மூடி, மறுபடியும் செருப்பு. விஷயம் இதுதான்: பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் ஓடும், இன்னொரு தரம் அழுத்தினால் நிற்கும். எங்கோ ஓரிடத்தில் ஒரு தரம் கூடுதலாக அழுத்திவிட்டாள். அதற்குப் பிறகு, அவள் எடுப்பதாக நினைத்தபோது கேமரா தூங்கியது. நிறுத்தியதாக நினைத்துக் கழுத்தில் தொங்கவிட்டபோது விழித்துக்கொண்டது.

“சாமியக் காட்டுடின்னா செருப்பக் காட்றாளே!” என்று கோதண்டபாணி தொடையில் தட்டிச் சிரித்தார். மோகனா சோபாவிலிருந்து உருண்டே விட்டாள்.

சரியாக வந்திருந்த கொஞ்சமும் பார்க்கிற மாதிரி இல்லை. திரை முழுக்க ஆட்டம். தூரத்துக் கோபுரத்தை ஜூம் போட்டு இழுப்பது, அது நடுங்குவது, திரும்ப ஓடிவருவது. நிர்மலாவுக்குத் தலை சுற்றி எலுமிச்சம்பழம் முகர வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் மேலே, பின்னாலிருந்து விஜியின் குரல் ஓயாமல் கத்துகிறது: “இங்க பாரு, இங்க பாரு மோகனா, சிரி, கைய ஆட்டு.” தன் குரல் இத்தனை கரகரப்பா என்று விஜிக்கே வெட்கமாகப் போயிற்று.

வெட்கப்பட்டவள் சும்மா இருக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே எடுப்பாள், தானே பார்ப்பாள், தானே தலையில் அடித்துக்கொள்வாள். அப்படித்தான் கற்றாள். ஜூம் பொத்தானைத் தொடக்கூடாது, கிட்டே வேண்டுமென்றால் காலால் நடந்து போகவேண்டும். ஓரிடத்தில் நின்றால் மனசுக்குள் “ஓம் சரவணபவ” நிதானமாக ஆறு தரம் சொல்லி முடிக்கிறவரைக்கும் கையை அசைக்கக்கூடாது. கோபுரத்தை யாரும் இரண்டாம் தரம் பார்க்க மாட்டார்கள், முகத்தைத்தான் பார்ப்பார்கள். முக்கியமாக, எடுக்கிறவள் வாயைத் திறக்கக்கூடாது.

மிஷினை நம்பக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டாள். நிச்சயதார்த்தத்தன்று மைக் ஒயர் லேசாகக் கழன்றிருந்தது தெரியாமல் முழுவதையும் எடுத்துவிட்டாள். எல்லோரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து காதில் ஒரு இயர்போன் இல்லாமல் அவள் எடுப்பதில்லை. உள்ளே என்ன பதிகிறதோ அது அப்படியே காதுக்கு வரும், வரவில்லையென்றால் உடனே தெரிந்துவிடும். இரண்டு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு. எந்த விசேஷமானாலும் முதல் நாளே கொஞ்சம் எடுத்துப் போட்டுப் பார்த்துவிடுவாள். கேமரா எந்த நேரத்திலும் காலை வாரும் என்று எதிர்பார்த்து, அது வாரமுடியாதபடி சகலமும் செய்துவைத்திருந்தாள். பாவம், வாரப்போவது கேமரா என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தப் பொட்டு. கேமரா ஓடும்போது அதன் மூக்கில் சிவப்பு விளக்கு ஒன்று எரியும். அதைப் பார்த்துவிட்டால் போதும், நம் ஜனங்கள் விறைத்துப்போய் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல நின்றுவிடுவார்கள். நாலு விசேஷத்தில் பார்த்து அலுத்துப்போன விஜி, தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றை எடுத்து அந்த விளக்கின் மேலேயே ஒட்டினாள். யாருக்கும் விளக்கு தெரியவில்லை. எல்லோரும் இயல்பாகப் பேசினார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதைத் திருஷ்டிப் பொட்டு என்று நினைத்தார்கள். “பாரேன், விஜி கேமராவுக்கும் திருஷ்டி வச்சிருக்குது!” விஜி மறுத்துச் சொல்லவில்லை. இயர்போனும் அப்படித்தான். “விஜி பாட்டு கேட்டுகினே வேலை செய்யுது” என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மோகனாவின் கல்யாணப் படத்தை அவள் எடுத்த விதத்தைப் பார்த்து மாப்பிள்ளை ஆகாஷே அசந்துபோனான். காசு வாங்கிக்கொண்டு எடுத்தவனின் படம் அலமாரியில் கிடக்க, எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது விஜி எடுத்ததைத்தான். அதில் தாலி கட்டும்போது கோதண்டபாணி மூக்கைச் சிந்துவது இருந்தது. நிர்மலா பந்தியில் ஒளிந்து இரண்டாவது ஜாங்கிரி சாப்பிடுவது இருந்தது. வீட்டில் எல்லோருமே இருந்தார்கள். விஜி மட்டும் இல்லை. முகமும் இல்லை, வாயைத் திறக்கக்கூடாது என்ற பாடத்தால் குரலும் இல்லை. மணப்பெண்ணின் அத்தை எங்கே என்று கேட்டால் காட்ட ஒரு காட்சி கிடையாது. நலங்கு வைக்கும்போது ஒரு நிமிஷம் போய் வைத்துவிட்டு வரலாமா என்று அன்றைக்கு விஜி எழுந்ததுதான். “அய்யோ, நீ வந்துட்டா யாரு விஜி எடுக்கிறது? இந்த நேரத்த உட்டா வருமா?” என்று நிர்மலா பதறினாள். நியாயம்தானே என்று விஜி உட்கார்ந்துவிட்டாள்.

அதனால்தான் வளைகாப்புக்கு அவள் ஸ்டாண்டு வாங்கினாள். மூன்று கால் வைத்தது, கேமராவை மேலே மாட்டிவிட்டால் அதுபாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். இந்தத் தடவை சாக்குச் சொல்ல இடமே இல்லை. மோகனா வயிற்றில் ஏழு மாசம். அவள் கையில் தன் கையால் வளையல் போடவேண்டும். விஜிக்கு வேறெந்த ஆசையும் இல்லை. மலையடிவாரக் கடைத்தெருவில் வளையல் கடையாக ஏறி இறங்கி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் எடுத்தாள். அந்தக் கையின் அளவு அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் கர்ப்பத்தில் கை வீங்கியிருக்கும், ஏற்றும்போது வலிக்கக்கூடாது என்று ஒரு அளவு பெரிசாகவே வாங்கினாள்.

வளைகாப்பு அரக்கோணம் ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தில். காலையிலேயே விஜி சொல்லிவிட்டாள்.

“அண்ணி, இந்தத் தடவ நானும் வளையல் போடுவேன். ஸ்டாண்டு இருக்குது, அதுவே எடுத்துக்கும்.”

நிர்மலா உதிரிப் பூவைத் தட்டில் கொட்டிக்கொண்டே, “ஆங், போடலாம் போடலாம். மொதல்ல சம்மந்தி வூட்டுக்காரங்க முடிக்கட்டும். நீ நம்ம வூட்டு ஆளு, கடைசியா நிதானமா போடலாம்” என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை. அதை விஜி அப்போது கவனிக்கவில்லை.

மோகனாவை மணையில் உட்கார வைத்ததும், சட்டைப் பொத்தான் அளவு, ஒயர் இல்லாத மைக் ஒன்றை விஜி அவள் முந்தானை மடிப்பில் பூவுக்குள் மறைத்துச் சொருகினாள். அதுவும் புதுசு. வளைகாப்பில் பெண்கள் குனிந்து பிள்ளைத்தாய்ச்சியின் காதில் எதையாவது சொல்லிச் சிரிப்பார்கள்; அதைத் தூரத்திலிருந்து பிடிக்க முடியாது.

“இது இன்னா விஜித்தை?”

“மைக்குடா கண்ணு. நீ பேசறதெல்லாம் நல்லா கேக்கும்.”

“அய்யய்யோ, யாரையாவது திட்டினா?”

“அதுவும் கேக்கும். ஒழுங்கா இரு.”

மோகனா சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது அந்தச் சிரிப்பு. மைக்கை மாட்டிக்கொண்டவர்கள் பத்து நிமிஷத்தில் அதை மறந்துவிடுவார்கள் என்பது விஜிக்குத் தெரியும். படம் நன்றாக வருவதே அந்த மறதியால்தான்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த சம்மந்தி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டார்கள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நிறைந்துகொண்டே வந்தது. விஜி கிட்டே போய், நின்று, மனசுக்குள் ஆறு தரம் சொல்லி, நகர்ந்து, எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் பந்திக்கு எழுந்தார்கள். கூட்டம் கலைந்தது. மணையில் மோகனா, அவளுக்கு இந்தப் பக்கம் நிர்மலா, அந்தப் பக்கம் மாமியார் ஹேமாவதி.

இப்போது நம் முறை என்று நினைத்தாள் விஜி. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி மோகனாவைப் பார்க்கத் திருப்பிவைத்தாள். நிறுத்தவில்லை. விசேஷம் ஓய்ந்த நேரத்தில்தான் நல்ல காட்சிகள் கிடைக்கும் என்பது அவள் அனுபவம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, பையிலிருந்து வளையல் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். எதிரில் இருந்தவர்களுக்கு விஜி உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. விளக்கின் மேல் பொட்டு. கேமரா ஓடுகிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

காதில் ஹேமாவதியின் குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி அத்தனை துல்லியம்.

“ஏன் சம்மந்தி, அந்தம்மா வளையல எடுக்குதே. போட வருமா? சொல்லிடுங்க, எங்க வூட்ல இதெல்லாம் கொஞ்சம் பாப்பாங்க.”

“வராது, நான் பாத்துக்கறேன்” என்றாள் நிர்மலா. “ஆரத்திய கரைக்கச் சொல்லிட்டேன். தட்டு வந்துட்டா கேமராவ தூக்கிடும். படம்னா அதுக்கு உசுரு. அதுக்குத்தானே சம்மந்தி அந்தக் கேமராவையே வாங்கிக் குடுத்தோம்!”

“அதுக்கா?”

“பின்ன? நிச்சயம், கல்யாணம், நலங்குனு வரிசையா வருது. முன்னால வந்து நிக்காதேனு கூடப்பொறந்தவள மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? அவரு மொதல்ல ஒத்துக்கல. அப்புறம் அவரே போய் வாங்கினு வந்தாரு. கையில குடுத்துட்டோம். அதுபாட்டுக்கு பின்னாலயே நின்னுகினு இருக்குது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.”

விஜியின் கையில் பொட்டலம் பாதி பிரிந்த நிலையில் இருந்தது. இயர்போனைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஏனென்றால் மோகனா இன்னும் பேசவில்லை. அம்மா அப்படிச் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் வாயைத் திறப்பாள், “இன்னாமா இப்படிப் பேசற, எங்க விஜித்தைய” என்று ஒரு வார்த்தை கோபமாகக் கேட்பாள். அது ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம் என்று இருந்தது விஜிக்கு. கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தொடாத ஜூம் பொத்தானை விரல் தானாக அழுத்தியது. மோகனாவின் முகம் திரை முழுக்க வந்தது.

மோகனா வளையலைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே, “யோசனையே என்னுதுதான் அத்தை” என்று மாமியாரிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “நான்தான் நைனாகிட்ட சொன்னேன், விஜித்தை கையில ஒரு கேமராவ குடுத்துடு நைனா, அவங்களும் சந்தோஷமா இருப்பாங்க, நமக்கும் சங்கடம் இல்லனு. பாவம், அவங்க நல்லவங்கதான். ஆனா அவங்க வாழ்க்கை அப்படி ஆயிடுச்சில்ல? வயித்துல புள்ளைய வச்சிகினு நான் எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்?”

படம் நடுங்கவில்லை. ஸ்டாண்டில் இருந்ததால் நடுங்கவில்லை.

விஜிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இந்த நிர்மலாவின் கழுத்தில் கோதண்டபாணி தாலி கட்டியபோது, நாத்தனாராகப் பின்னால் நின்று மூன்றாவது முடிச்சைப் போட்டது யார்? இதே விஜி. அந்தக் கை அன்றைக்கு ராசியான கை. அந்த முடிச்சு இன்றுவரைக்கும் கெட்டியாகத்தானே இருக்கிறது? மோகனாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிய கை எந்தக் கை? அப்போதெல்லாம் யாருக்கும் ரிஸ்க் தெரியவில்லையே! ஆத்திரம் இறங்கிய பிறகுதான் மற்றது வந்தது. உனக்குக் கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். பொறுமையாகக் கற்பவள் நீ ஒருத்திதான் என்றார்கள். அவளும் மாங்கு மாங்கென்று கற்றாள். தன்னைத் தள்ளிவைக்க அவர்கள் போட்ட திட்டத்தை, அவர்கள் கேட்டதைவிடப் பத்து மடங்கு நன்றாக நிறைவேற்றிக் கொடுத்திருக்கிறாள். வாயைக்கூட மூடிக்கொண்டாள். இதைவிட ஒரு முட்டாளை எங்கே போய்த் தேடுவார்கள்?

“விஜி, ஆரத்தி வந்துடுச்சு! வந்து புடி, புடி!” என்று நிர்மலா சத்தம் போட்டாள்.

விஜி எழுந்தாள். வளையலைப் பையில் போட்டாள். கேமராவை ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஆரத்தியை எடுத்தாள். சிவந்த தண்ணீர் சுற்றுவதை, அதற்குப் பின்னால் மோகனாவின் கண் கூசிச் சுருங்குவதை, கோதண்டபாணி ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதை, எல்லாவற்றையும் கை ஆடாமல் எடுத்தாள்.

கிளம்பும்போது ஹேமாவதி கேட்டாள். “நல்லா வந்துதாம்மா?”

“ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. சத்தம்கூட தெளிவா வந்திருக்குது.”

கடைசியாகப் போடலாம் என்று காலையில் சொன்னது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. விஜியும் கேட்கவில்லை.

எடுத்ததை அப்படியே யாருக்கும் காட்டிவிடுவதில்லை அவள். ஆகாஷ் கொடுத்த பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து வெட்டி ஒட்டித்தான் பென் டிரைவில் ஏற்றுவாள். எதை வெட்டுவாள் என்றால், ஏப்பம் விடுவது, புடவை விலகுவது, அப்புறம் வம்பு. ஒரு விசேஷத்தில் எத்தனை பேர் எத்தனை பேரைப் பற்றி என்னென்ன சொல்வார்கள் என்பது விஜிக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அத்தனையையும் வெட்டி எறிந்து, எல்லோரும் நல்லவர்களாகத் தெரிகிற மாதிரி ஒரு குடும்பத்தை அவள் மூன்று வருஷமாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் ஏப்பத்தை வெட்டினாள். விலகிய புடவையை வெட்டினாள். ஆடிய இடம், மங்கிய இடம், நீண்டு போன இடம் எல்லாவற்றையும் வெட்டினாள். அந்த ஒரு துண்டுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள். பிறகு அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகாஷும் ஹேமாவதியும் மோகனாவைப் பார்க்க வந்தார்கள். பிரசவத்துக்காக அவள் தாய் வீட்டில் இருந்தாள். பிரியாணி சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஃபேனைக் கூட்டிவிட்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

“விஜி, படத்த போடு! சம்மந்தி ஆசையா கேக்குறாங்க” என்றார் கோதண்டபாணி.

எப்போதும் விஜி எல்லோருக்கும் பின்னால், மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று பென் டிரைவைச் சொருகிவிட்டு டிவிக்குப் பக்கத்திலேயே, அவர்கள் முகத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள். ரிமோட் அவள் மடியில் இருந்தது.

படம் நன்றாக இருந்தது. அவள் எடுத்ததிலேயே இதுதான் நன்றாக இருந்தது. ஹேமாவதி தன் முகத்தைப் பார்த்து, “அட, நானா இது, இவ்ளோ நல்லாவா இருக்கேன்?” என்று வெட்கப்பட்டாள். சந்தனம் மூக்கில் பட்டு மோகனா தும்மியதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிர்மலா, “விஜி மாதிரி யாராலும் எடுக்க முடியாது” என்று சம்மந்தியிடம் பெருமையாகச் சொன்னாள்.

அப்புறம் கூட்டம் கலைந்தது. திரையில் மணையும் மூன்று பேரும்.

“ஏன் சம்மந்தி, அந்தம்மா வளையல எடுக்குதே. போட வருமா?” என்றது டிவி.

ஹேமாவதியின் வாயில் வெற்றிலை அரைவது நின்றது. ஆகாஷ் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தான். நிர்மலா கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள், எழ முடியவில்லை. திரையில் இருந்த நிர்மலா தயக்கமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவரு மொதல்ல ஒத்துக்கல, அப்புறம் அவரே போய் வாங்கினு வந்தாரு என்ற இடம் வந்தபோது கோதண்டபாணி தங்கையைப் பார்க்கவில்லை. சோபாவின் இடுக்கில், தலையணைக்குக் கீழே, பேப்பருக்கு அடியில் ரிமோட்டைத் தேடினார். அது விஜியின் கையில் இருப்பதைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

“நிறுத்து விஜி” என்றார், குரல் எழும்பாமல். “போதும், நிறுத்துமா.”

மோகனா மட்டும் அசையவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறைந்த வளையல்களோடு, திரையில் தன் முகம் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருண்ணா” என்றாள் விஜி. “அடுத்தது நம்ம மோகனா பேசுறது வருது.”